முள்ளெலிச் சாமிக்கு ஒரு குளிர்காலம்

1

என் கணவர் பூனைத் தீனி சாப்பிடுவதில்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் என் சித்தி மகள் தொடங்கி இவருடைய பெரிய மதினி வரைக்கும் எல்லோரும் போன் போட்டு விசாரித்தாகிவிட்டது. "ஏட்டி, அங்க தம்பி பூனைக்குப் போடுததத் திங்கானாமே, அப்படி என்ன கஷ்டம் உங்களுக்கு?" என்று மதினி கேட்டபோது குரல் தழுதழுத்தது. மதினி, சம்பளம் வருகிறது. அரிசி பருப்பு இருக்கிறது. நேற்றுகூட வத்தக்குழம்பு வைத்தேன்.

இந்த வதந்திக்குக் காரணம் பக்கத்து வீட்டு டோனா. இவர் போன வாரம் கார்த்திகைக்கு மாலை போட்டார். கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாகக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனதை டோனா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் பெரிய பூனைத் தீனி டப்பா ஒன்று. "இந்த வருஷம் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன், பாவம் கணேஷ்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சிரிப்பாக இருக்கிறதே என்று படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுத் தொலைத்தேன்.

ஆகவே போன வருஷம் என்ன நடந்தது என்பதை நடந்தபடி எழுதுகிறேன். யாராவது மதினிக்குப் படித்துக் காட்டுங்கள்.

2

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன். பேர்தான் ஜங்ஷன், ரயில் நிற்காது. இவர் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு ஐடி கான்டிராக்டர். நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். எழுதியிருக்கிற முறையை எழுதியிருக்கிறபடியே செய்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் வீட்டு ஓவனில் இதுவரை ஒரு கேக்கும் வெந்ததில்லை. வெயில் காலத்தில் அதற்குள் வாணலிகளை அடுக்கி வைப்போம். குளிர்காலம் வந்தால் வாணலியெல்லாம் வெளியே, இட்லி மாவு உள்ளே. ஓவனைப் போடக் கூடாது, உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட வேண்டும். அந்தச் சின்ன பல்பின் சூட்டில் மாவு நம் ஊர்ச் சித்திரை மாதம் மாதிரி பொங்கும். இங்கே தமிழ் வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான். ஒரு தடவை என் மகள் மது பீட்சா சுடுகிறேன் என்று பார்க்காமல் ஓவனைப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவும் மாவும் ஒன்றாக உருகி, தீயணைப்பு வண்டி வந்து, தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து குளிர்காலம் முழுவதும் ஓவன் கதவில் "மாவு உள்ளே. ஆன் பண்ணாதே!" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும்.

இவர் மாலை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாத்தூரில் இருக்கும்போது போட்டதைவிட இங்கே வந்த பிறகுதான் தீவிரம் அதிகம். விடிகாலையில் பச்சைத்தண்ணிக் குளியல். நியூ ஜெர்சி குழாயில் நவம்பரில் வருவது தண்ணீரா ஐஸா என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருந்து "சாமியே!" என்று ஒரு அலறல் வரும். அது பக்தியா குளிரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தரையில் படுக்கை. வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பார்க்கிற உயிரையெல்லாம் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். கிரெடிட் கார்டு விற்கிற பெண் போன் செய்தால் "நோ தேங்க்ஸ் சாமி" என்பார். ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு தடவை தன் மேலாளரிடமே "ஓகே சாமி" என்று சொல்லிவிட, அந்த அமெரிக்கர் இப்போது தன்னை 'ஸ்வாமி' என்று அழைத்துக்கொள்கிறாராம்.

வேட்டியை அவரே துவைத்து அவரே காயப்போடுவார். டிரையரில் போட மாட்டார், அதில் என் துணியும் ஓடுகிறதல்லவா. எங்கள் வீட்டில் பேஸ்மெண்டிலிருந்து நேராகப் பின்பக்கத் தோட்டத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதைத் திறந்து வெளியே இருக்கிற கைப்பிடிக் கம்பியில் வேட்டியை விரிப்பார். உறைந்து அப்பளம் மாதிரி நிற்கும். கறுப்புத் துணி தொங்குகிறதே, யாராவது இறந்துவிட்டார்களா என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து அனுதாபத்தோடு கேட்டார்கள். இல்லை என்றதும் அனுதாபத்தை நிறுத்திவிட்டு எச்சரிக்கை அனுப்பினார்கள்.

3

மது காலேஜில் இரண்டாம் வருஷம். காரில் ஒன்றரை மணி நேரத் தூரம்தான். ஆனால் அவள் கிரகமே வேறு. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் பத்து வரி கேட்டால் அவள் ஒரு வார்த்தை சொல்வாள். "ஃபைன்." சாப்பிட்டியா? "ஃபைன்." பரீட்சை எப்படி? "ஃபைன்." குடும்ப வாட்ஸப் குழுவை அவள் மியூட் பண்ணி வைத்திருப்பது எனக்குத் தெரியும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அதில் பாதி என் மாமா அனுப்புகிற ரோஜாப்பூ.

போன வருஷம் நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தாள். அழுக்குத் துணி மூட்டை இரண்டு, போர்வை போர்த்திய பெரிய பெட்டி ஒன்று. பெட்டியை நான் தூக்கப் போனதும் "டோன்ட் டச் இட், அம்மா!" என்று பாய்ந்தாள். "ப்ராஜெக்ட்." பெட்டி பேஸ்மெண்டுக்குப் போனது. அவளும் அங்கேயே படுத்துக்கொண்டாள். மாலை போட்ட அப்பா வீட்டில் இருக்கும்போது மேலே இருக்கச் சங்கடப்படுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை இவர் வழக்கம்போல வேட்டி காயப்போடக் கண்ணாடிக் கதவைத் திறந்தார். பூஜைக்குக் குத்துவிளக்கு எடுக்கிறேன் என்று இருக்கிற பெட்டிகளையெல்லாம் இழுத்துப் போட்டார். கதவைச் சாத்தினாரா? கேட்காதீர்கள். சரணம் சொல்லிக்கொண்டே மேலே வந்துவிட்டார்.

அன்று மத்தியானத்திலிருந்து மது வீட்டைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தாள். சோபாவுக்கு அடியில், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸுக்குப் பின்னால், என் புடவைப் பெட்டிக்குள்கூட. என்னட்டி தேடுத என்றால் "சார்ஜர்". என் சார்ஜரைக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். சார்ஜரைத் தேடி எவளாவது தோட்டத்துக்குப் போவாளா? ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கண் இரண்டும் வீங்கியிருந்தது. காலிப் பெட்டியைப் போர்வையோடு காரில் வைத்தாள்.

"யாருட்டி அந்தப் பையன்?" என்று கேட்டேன்.

"ஓ மை காட், அம்மா" என்றாள். அழுதுகொண்டே வண்டியை எடுத்தாள்.

4

அதற்கு மறுநாள் சாயங்காலம். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பக்கம் அதன் சூட்டுக்காற்று வெளியே வருகிற குழாய் வாயில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவில் ஏதோ அசைந்தது. எலி என்று விளக்குமாற்றை எடுத்தேன். கிட்டே போனதும் 'புஸ்' என்று சீறிக்கொண்டு உருண்டையாகச் சுருண்டது. உடம்பெல்லாம் முள்.

முள்ளெலி!

கோவில்பட்டிக்காரிக்கு முள்ளெலி தெரியாதா? எங்கள் பக்கத்துக் காட்டில் அப்போதெல்லாம் உண்டு. எனக்கு மூன்று வயதில் கக்குவான் இருமல் வந்தபோது, எங்கள் அம்மா தெருவில் யாரிடமோ முள்ளெலி முள் வாங்கி, சுட்டுப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாளாம். இருமல் அதனால் போனதா, தானாகப் போனதா தெரியாது. இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் நானே ஏசுவேன். ஆனாலும் அந்த இனத்தில் ஒன்று செத்துத்தானே எனக்கு மருந்து கிடைத்தது? இத்தனை வருஷம் கழித்து, அமெரிக்காவில், என் வீட்டு டிரையர் குழாயைத் தேடி ஒன்று வந்து நிற்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இதை இந்தக் குளிர்காலம் தாண்ட வைப்பது என் பொறுப்பு என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கும்பிட்டார். "மாலை போட்டிருக்க நேரம் பாத்து வந்திருக்கு, சாமி" என்றார். முதல் தடவை வருகிறதல்லவா, கன்னிச்சாமி என்று பேரும் வைத்துவிட்டார்.

எதற்கும் முறைப்படி கேட்போம் என்று டவுன்ஷிப் ஆபீஸுக்குப் போன் போட்டேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிவிட்டு, கடைசியில் விலங்குக் கட்டுப்பாட்டுக்காரர் ஒருவர் கிடைத்தார்.

"நியூ ஜெர்சி காடுகளில் முள்ளெலி கிடையாது, மேடம்."

"என் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது."

"கிரவுண்ட்ஹாக்காக இருக்கும், வளை தோண்டுகிற பிராணி."

"முள் இருக்கிறதே!"

"அப்படியானால் முள்ளம்பன்றி. பக்கத்தில் போகாதீர்கள்."

"உள்ளங்கை அளவுதான் இருக்கிறது, ஐயா."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீங்கள் வளர்க்கிறீர்களா? பெர்மிட் வைத்திருக்கிறீர்களா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

"அதுக்குமா பெர்மிட்?" என்று இவர் பெருமூச்சு விட்டார். எங்கள் கிரீன் கார்டு வரிசை அப்படி. "இருக்கட்டும் சாமி. நம்மளோட சேந்து அதுவும் காத்துக் கெடக்கட்டும்."

காட்டில் கிடையாது என்று ஒரு மனுஷன் சொன்னால், அப்படியானால் இது யார் வீட்டுப் பிராணி என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. முள்ளெலியைப் பற்றி எனக்கு இவன் சொல்லித்தருவதா என்ற கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

5

சாப்பாடு முதல் பிரச்சினை. தயிர்சாதம் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெண்பொங்கல் வைத்தேன், மேலே ஏறி நடந்து போனது. இவர் பூஜை முடிந்து சுண்டல் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒன்றே ஒன்றை உருட்டி விளையாடியது. பால் வைக்கலாம் என்று போனபோதுதான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். பால் கூடவே கூடாதாம், வயிற்றுக்கு ஆகாதாம். பூச்சி தின்னும், இல்லாவிட்டால் பூனைத் தீனி வைக்கலாம் என்று போட்டிருந்தது.

"மாலை போட்ட வீட்ல கறி கலந்த தீனியா? நடக்காது சாமி" என்று இவர் கையை விரித்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் டோனா இருக்கிறாள், டோனாவிடம் குண்டுப் பூனை இருக்கிறது. ஒரு கிண்ணம் வாங்கினேன், பெர்மிட் பயத்தில் எதற்கு என்று சொல்லவில்லை. வேலியோரமாகக் காகிதத் தட்டில் வைத்தேன். கறுமுறு என்று தின்றது. இவர் சமையலறை ஜன்னலில் நின்று வேறு பக்கம் பார்த்தார். "வீட்டுக்கு வெளியதான திங்கு. நான் பாக்கல."

டிரையர் ஓடும்போதெல்லாம் அது குழாய் வாயில் வந்து உட்கார்வதைக் கவனித்தேன். அதனால் கூடக்கொஞ்சம் ஓட்டினேன். துவைக்கத் துணி இல்லாவிட்டால் காய்ந்த துண்டையே போட்டு ஓட்டினேன். "ஒத்த சாக்ஸுக்கு டிரையரா சாமி?" என்று இவர் கேட்டார். "உங்க கன்னிச்சாமிக்குத்தான்" என்றதும் அவரே பொத்தானை அழுத்தினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. நான் நிறுத்துகிற ஆளா? 'குளிர்காலத்தில் தோட்டத்து முள்ளெலிக்கு உதவுவது எப்படி' என்று ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். இங்கிலாந்துக்காரர்கள் அழகாக எழுதியிருந்தார்கள். காய்ந்த இலைகளைக் குவித்து, மரப்பெட்டி வைத்து, வாசலை வடக்கே பார்க்காமல் திருப்ப வேண்டும். சூடான இடத்தில் வைக்கக் கூடாது, பாதித் தூக்கத்தில் விழித்துவிடும். தூங்க ஆரம்பித்தால் தொந்தரவு செய்யாதீர்கள், வசந்தத்தில் தானே எழுந்திருக்கும். எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடி செய்வது என் உத்தியோகம் என்று சொன்னேன் அல்லவா? டிரையர் குழாயிலிருந்து தள்ளி, வேலி மூலையில் ஒரு மாம்பழப் பெட்டியைக் கவிழ்த்து, அக்கம்பக்கத்து இலையையெல்லாம் வாரிக் குவித்துக் குட்டி மாளிகை கட்டினேன். குளிரக் குளிர இவரும் வந்து இலை அள்ளிப் போட்டார். சாமியை உள்ளே விட்டோம். இலைக் குவியலை உடனே அகற்றவும் என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டாவது எச்சரிக்கை வந்தது. ஆனமட்டும் பாருங்கள் என்று கிழித்துப் போட்டேன்.

அன்று ராத்திரி குளிர் இறங்கியது. மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால், சாமி பந்து மாதிரி சுருண்டு கிடந்தது. தட்டில் வைத்த தீனி அப்படியே இருந்தது. தொட்டால் சீறவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். தூங்க ஆரம்பித்துவிட்டது! நான் கட்டிய வீட்டில்! படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்: "எங்கள் வீட்டு முள்ளெலிச் சாமி குளிர்கால உறக்கத்தில். மார்ச்சில் எழுவார்." என் மாமா ரோஜாப்பூ அனுப்பினார்.

6

அன்று மத்தியானம் போன் அடித்தது. மது. எழுத்தில்கூட ஒரு வார்த்தைக்கு மேல் அனுப்பாத பிள்ளை கூப்பிடுகிறாள் என்றதும் ஏதோ விபத்து என்று பாய்ந்து எடுத்தேன். அத்தை மகள் யாரோ அந்தப் படத்தை அவளுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா, அத உள்ள தூக்கிட்டு வாங்க! இப்பவே! ஓடுங்க!"

தமிழில் கத்தினாள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏட்டி, அது தூங்குதுட்டி..."

"தூங்கல! செத்துக்கிட்டு இருக்கு! அது காட்டு முள்ளெலி இல்லம்மா, அதுக்குத் தூங்கத் தெரியாது, குளிர்ல அப்படியே போயிரும்! அம்மா ப்ளீஸ்... அது என்னோடது. அது என் பணியாரம்."

ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. போர்வை போர்த்திய பெட்டி. இவர் இழுத்துப் போட்ட பெட்டிகள், சாத்தாத கதவு. சார்ஜர். டார்ச். வீங்கின கண்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பெட்டியைத் தள்ளிவிட்டு இலையோடு சேர்த்து அள்ளினேன். கல் மாதிரி இருந்தது. அடிவயிற்றைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் கட்டிய மாளிகை! சூட்டுக் குழாயைத் தேடிப் பிழைத்துக் கிடந்த ஜீவனை நானே தூக்கிக்கொண்டுபோய்க் குளிரில் வைத்திருக்கிறேன்.

இவர் அன்று வீட்டிலிருந்து வேலை. மீட்டிங்கில் இருந்தவர் என் அழுகைச் சத்தம் கேட்டு ஹெட்போனோடு ஓடிவந்தார். ஸ்பீக்கரில் மது காரை ஓட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "மெதுவாச் சூடாக்கணும். வெந்நி வேண்டாம், ஹீட்டர் முன்னாடி வைக்காதீங்க. உடம்புச் சூடு போதும். ஸ்லோவா, அம்மா!"

இவர் அதை வாங்கித் தன் வெறும் மார்பில், துளசி மாலைக்குப் பக்கத்தில் அணைத்துக் கறுப்புத் துண்டால் மூடிக்கொண்டார். காலையில் ஐஸ் தண்ணீரில் குளித்த உடம்பு. அதில் எவ்வளவு சூடு இருக்கும்? "பத்தாது" என்றார். "நம்ம வீட்லயே கணகணன்னு இருக்க எடம் எது?"

இருவரும் ஒரே சமயத்தில் ஓவனைப் பார்த்தோம்.

மாவை வெளியே எடுத்தேன். வாணலியில் மெத்தென்று துண்டு விரித்து, நடுவில் சாமியை வைத்து, விளக்கை மட்டும் போட்டு, காற்று போக ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். இவர் ஓடிப்போய்ப் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்: "சாமி உள்ளே. ஆன் பண்ணாதீங்க!" பிறகு கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து சரணம் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய மீட்டிங் அணைக்கப்படாமல் இருந்ததும், வங்கியின் அந்தக் குழு முழுவதும் சரணகோஷத்தைக் கேட்டதும் பிறகு தெரிந்தது. மேலாளர் ஸ்வாமி கடைசிவரை இருந்தாராம்.

மது உள்ளே வந்தபோது நாங்கள் இருவரும் ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம். தாளைப் படித்தாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும். படித்து முடித்ததும் முகம் வெளுத்துவிட்டது. "யூ புட் ஹெர் இன் தி ஓவன்?"

"லைட்டு மட்டும்தாம்மா" என்றார் இவர்.

அவள் கையை உள்ளே விட்டுத் துண்டோடு எடுத்தாள். அடிவயிற்றில் விரலை வைத்துப் பார்த்தாள். நாங்கள் அவள் முகத்தையே பார்த்தோம். ஒரு மூக்கு, மிளகு அளவு, இரண்டு தடவை சுருங்கி விரிந்தது. பிறகு நன்றாகக் கேட்கிற மாதிரி ஒரு 'புஸ்'. ஏசுகிறது! எங்களைத்தான் ஏசுகிறது! மது அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். இவர் சரணத்தை நிறுத்தாமலே அழுதார்.

7

"எதுக்குட்டி எங்கட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

அரை இங்கிலீஷும் அரைத் தமிழுமாகச் சொன்னாள். அறைத்தோழி செமஸ்டர் பாதியிலேயே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டாளாம். யாரும் பழக்கமாகவில்லையாம். சாப்பாட்டு ஹாலில் தனியாக உட்காரப் பிடிக்காமல் பல நாள் ராத்திரி சாப்பிடுவதே இல்லையாம். வேறு காலேஜுக்கு மாறிப் போன ஒரு சீனியர் இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "ரூமுக்கு வந்தா ஒரு உயிர் இருக்கும்ல. அதான்."

"என்ட்ட பேசினா என்னவாம்?"

"நீங்க ஏசுவீங்க."

"ஏசத்தான் செய்வேன். ஏசிட்டு, என்னன்னு கேப்பேன்லா?"

என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் நாய் வேண்டும் என்று வருஷக்கணக்கில் கெஞ்சியவள்தான். நாயை யாரு கழுவ என்று ஒரே வார்த்தையில் முடித்தவள் நான். போர்வை போர்த்திய பெட்டி ஏன் போர்வை போர்த்தியே வந்தது என்று எனக்குப் புரிந்தது.

பெர்மிட்டா? இருந்தது. சீனியர் சொல்லிக் கொடுத்து மது முறைப்படி வாங்கி வைத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அமெரிக்க அரசாங்கக் காகிதம் ஒழுங்காகக் கையில் இருக்கிற ஒரே ஜீவன் அந்தப் பணியாரம்தான்.

"அதுக்குப் பசிக்குமே" என்றார் இவர் திடீரென்று.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். தயிர்சாதம் தின்னாது என்பது அவருக்கும் தெரியும். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. இந்தக் குளிரில் அதை வேலியோரம் கொண்டுபோய்ச் சாப்பிட வைக்க முடியாது. அவர் கழுத்து மாலையைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அன்னதானம்னா, யாருக்கு எது அன்னமோ அதத்தான போடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு பனியில் இறங்கினார்.

இனி நடந்ததை டோனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவு தட்டப்பட்டது. திறந்தாள். கறுப்பு வேட்டி, நெற்றியில் விபூதி, பல நாள் தாடி, கண் சிவந்து, காலில் செருப்பில்லாமல் என் கணவர் நிற்கிறார். பல்லெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிறது. இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, "கேட் ஃபுட், சாமி. ப்ளீஸ். வெரி ஹங்ரி" என்கிறார். யாருக்கு என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. வாரக்கணக்கில் இந்த மனுஷன் மெலிந்துகொண்டே வருவதைப் பார்த்தவள் டோனா. மூட்டையாகவே தூக்கிக் கொடுத்துவிட்டாள். கூடவே ஒரு ஸ்பூனும்.

மது அதைப் பேஸ்மெண்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் தோசைக்கல்லைப் போட்டேன். ஓவனிலிருந்து பாதியில் எடுத்த மாவு புளிக்கவே இல்லை. ஆனால் வீட்டில் வேறு எதுவும் செய்ய எனக்குத் தெம்பில்லை. தோசை ஆனதும் மதுவைச் சாப்பிடக் கூப்பிடப் படியில் இறங்கினேன். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோடோ போனில் பேசுகிறாள் என்று பாதிப் படியில் நின்றேன்.

"ஏட்டி மூதி, வாயத் தொற. இப்படிப் பட்டினி கெடந்தா யாரு பதில் சொல்லதுக்கு? ம்? திங்கியா, இல்ல அப்பாவக் கூப்பிடவா? எங்கப்பா உனக்காகப் பனியில வெறுங்கால்ல போயிருக்காரு, தெரியுமா? நீ பாட்டுக்கு வெளிய போயிட்டே. நான் ரூம்ல தனியா என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சியா? கோட்டி. சரியான கோட்டி. இந்தா, இன்னும் ஒரு வாய். என் தங்கம்லா..."

என் குரல். அப்படியே என் குரல். சமையலறையில் நின்று நான் இத்தனை வருஷமாகக் கத்தியதில் ஒரு சொல் விடாமல் இருந்தது. என்னிடம் ஒரு 'ஃபைன்' சொல்லக் கஷ்டப்படுகிற பிள்ளை, ராத்திரி ராத்திரி ஒரு முள்ளெலியிடம் உட்கார்ந்து கோவில்பட்டித் தமிழில் ஏசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். மேலே தோசை கருகுகிற வாசம் வந்தது, இவர் "சாமி, கல்லு!" என்று கத்தினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏ, ரெண்டு மூதியும் சாப்பிட மேல வாங்க!"

கீழே சத்தம் நின்றது. இங்கிலீஷில்தான் ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

"வாரோம்மா!" என்றாள்.

தோசை வறட்டி மாதிரி இருந்தது. கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள்.